கெர்னல் இற்றைப்படுத்தல் பாதியில் நின்றுவிட்டது, பூட் பகிர்வில் இடமில்லை: பழைய கெர்னல்களை எப்படி அகற்றுவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம்.

என் மடிக்கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. நிறுவும்போது முழு வட்டையும் மறையாக்கம் செய்யும் வழியைத் தேர்ந்தெடுத்ததால், பூட் அடைவு மட்டும் மறையாக்கம் இல்லாத தனிப் பகிர்வாக 488 எம்பி அளவில் அமைந்துவிட்டது. நேற்று வழக்கம்போல் பொதி மேலாளரான ஆப்டில் அப்கிரேட் கொடுத்தபோது 6.1.0-28 என்ற புதிய கெர்னல் (இயங்குதளத்தின் கரு) இறங்கியது. கணினி தொடங்கும்போது கெர்னலோடு நினைவகத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு அதற்காக உருவாகிக்கொண்டிருந்த கட்டத்தில், வட்டில் இடம் மீதமில்லை என்ற பிழையோடு எல்லாம் நின்றுவிட்டது. அதன் பிறகு நான் எந்தப் பொதியை நிறுவ முயன்றாலும், ஆப்ட் இந்தக் கெர்னலை அமைக்கத் திரும்பவும் முயன்று அதே பிழையில் வந்து நிற்கிறது.

பூட் அடைவைப் பட்டியலிட்டுப் பார்த்தேன். 18, 21, 25, 26 என்று முடியும் நான்கு கெர்னல்கள் முழுமையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 90 எம்பி அளவுள்ள இனிட்ராம்எஃப்எஸ் கோப்பும் 8 எம்பி அளவுள்ள கெர்னல் கோப்பும் உள்ளன. 28க்குக் கெர்னல் கோப்பு மட்டும் வந்திருக்கிறது, இனிட்ராம்எஃப்எஸ் இல்லை. யூநேம் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் இப்போது ஓடிக்கொண்டிருப்பது 26 என்று காட்டுகிறது. கணினியை இன்னும் மறுதொடக்கம் செய்யவில்லை.

எனக்கு மூன்று ஐயங்கள். பூட் அடைவில் உள்ள பழைய கோப்புகளை ஆர்எம் கட்டளையால் நேரடியாக அழித்துவிடலாமா? தேவையற்ற பொதிகளை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளையை மாதந்தோறும் தவறாமல் கொடுத்துவருகிறேன், சென்ற முறையும் நீக்குவதற்கு எதுவுமில்லை என்றே சொன்னது. நான்கு கெர்னல்கள் குவிந்திருக்கும்போது அது ஏன் அப்படிச் சொல்கிறது? கடைசியாக, இப்போதுள்ள கெர்னல் எனக்கு நன்றாகவே ஓடுகிறது. கெர்னல் பொதியை ஹோல்டு செய்து, இனி அது மாறாமல் நிறுத்திவைத்துவிட்டால் என்ன? அலுவலகத்தில் ஃபெடோரா என்ற வேறொரு லினக்ஸைப் பயன்படுத்தும் நண்பர் தமக்கு இப்படி ஒரு சிக்கல் வந்ததே இல்லை என்கிறார்.

மறுமொழி 1

வணக்கம். மறுதொடக்கம் செய்யாமல் இங்கே கேட்டது நல்ல முடிவு. சிக்கல் தீரும் வரை அப்படியே வைத்திருங்கள். உங்கள் வட்டு மறையாக்கப்பட்டது என்பதால், கணினி தொடங்கும்போது கடவுச்சொல்லைக் கேட்டு வட்டைத் திறக்கும் நிரலே இனிட்ராம்எஃப்எஸ் கோப்புக்குள்தான் இருக்கிறது. அந்தக் கோப்பு இல்லாமல் 28ஐத் தொடங்கினால், கடவுச்சொல் கேட்கும் இடத்துக்கே வராமல், ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்று கெர்னல் பேனிக்கில் நின்றுவிடும்.

கணினி தொடங்கும்போது கெர்னலைத் தேர்ந்தெடுத்து ஏற்றும் நிரலான க்ரப்பின் பட்டியலில் இப்போதைக்கு 28 இடம்பெற்றிருக்க வாய்ப்புக் குறைவு. கெர்னல் பொதி அமைக்கப்படும்போது, ஈடிசி அடைவுக்குள் கெர்னல் என்ற உள்ளடைவில் இருக்கும் போஸ்ட்இன்ஸ்ட்.டி அடைவின் சிறுநிரல்கள் அகர வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. டிகேஎம்எஸ் (கெர்னலோடு வராத இயக்கிகளைத் தொகுக்கும் கருவி) முதலில், இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் அதற்குப் பின், இசட்இசட்-அப்டேட்-க்ரப் எல்லாவற்றுக்கும் பின். கடைசியாக ஓட வேண்டும் என்பதற்காகவே அதன் பெயருக்கு முன்னால் இரண்டு இசட் எழுத்துகளை வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒன்று தோற்றால் அடுத்தது ஓடாது. உங்கள் கணினியில் இரண்டாவது தோற்றதால், க்ரப் பட்டியல் பழையபடியே இருக்கும். ஆனால் வேறு ஏதாவது ஒரு காரணத்தால் அந்தப் பட்டியல் மறுபடி உருவாக்கப்பட்டால், இனிட்ராம்எஃப்எஸ் இல்லாத 28 முதலிடத்துக்கு வந்துவிடும்.

ஆர்எம் கட்டளையால் அழிக்க வேண்டாம். கோப்பு போய்விடும், ஆனால் அந்தப் பொதி நிறுவப்பட்டிருப்பதாகவே, ஆப்டுக்காகப் பொதிகளை நிறுவும் டிபிகேஜியின் பதிவேட்டில் இருக்கும். பின்னொரு நாள் எல்லாக் கெர்னல்களுக்கும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் புதுப்பிக்கும்போது, நீங்கள் அழித்தது மறுபடி முளைத்து இடத்தை அடைத்துக்கொள்ளலாம். கெர்னலின் மாட்யூல்கள் (இயக்கி போன்ற துணைப் பகுதிகள்) லிப் அடைவில் நூற்றுக்கணக்கான எம்பியாக அப்படியே தங்கிவிடுவது தனிக் கதை. பொதியாக வந்ததைப் பொதி மேலாளர் வழியாகவே வெளியேற்றுங்கள்.

ஆப்ட் முதலில் பாதியில் நிற்கும் கெர்னலை அமைக்க முயன்று தோற்றுக்கொண்டிருப்பதால், அதற்குக் கீழே இருக்கும் டிபிகேஜியை நேரடியாக அழைப்பதே எளிது. டிபிகேஜிக்கு பர்ஜ் என்ற விருப்பத்தைக் கொடுத்து, லினக்ஸ்-இமேஜ்-6.1.0-18-ஏஎம்டி64 என்ற முழுப் பெயரைச் சொல்லுங்கள். அதுவே 98 எம்பி இடத்தை விடுவிக்கும். அதே முறையில் 21ஐயும் அகற்றுங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் 26ஐ மட்டும் தொடவே கூடாது. தவறிப்போய் அதன் பெயரைக் கொடுத்தால், ஓடும் கெர்னலை நீக்கப்போகிறீர்கள் என்று ஒரு எச்சரிக்கை வந்து நிறுத்தும். அந்தத் திரையைக் கண்டால் ஒப்புக்கொள்ளாமல் வெளியேறிவிடுங்கள். பிறகு டிபிகேஜிக்கு கான்ஃபிகர் என்ற விருப்பத்தோடு ஏ என்ற விருப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தால், பாதியில் நின்ற 28 முழுமையாக அமைக்கப்படும். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 18ஐ அகற்றும் செயலே க்ரப் பட்டியலை மறுபடி உருவாக்கும், அப்போது 28 முழுமையடையாத நிலையில் பட்டியலில் ஏறிவிடும். எனவே அகற்றுவதற்கும் அமைப்பதற்கும் இடையில் கணினியை அணைக்காதீர்கள். மின்கலத்தில் ஓடுகிறதென்றால் மின் இணைப்பைச் செருகிக்கொண்டு தொடங்குங்கள்.

முடிந்த பின் பூட் அடைவை மறுபடி பட்டியலிட்டு, 28க்கு இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு வந்திருக்கிறதா, அதன் அளவு மற்றவற்றை ஒத்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். 3 எம்பி அளவில் ஒரு கோப்பு இருந்தால் அது முழுமையான கோப்பு அல்ல.

இனி ஆட்டோரிமூவ் ஏன் எதையும் நீக்கவில்லை என்பதற்கு வருகிறேன். டெபியனில் கெர்னல் இற்றைப்படுத்தல் என்பது மற்றப் பொதிகளைப் போல ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைப்பது அல்ல. லினக்ஸ்-இமேஜ்-6.1.0-26-ஏஎம்டி64 என்பதும் லினக்ஸ்-இமேஜ்-6.1.0-28-ஏஎம்டி64 என்பதும், பெயரே வேறாக இருப்பதால், பொதி மேலாளரின் பார்வையில் இரண்டு தனித்தனிப் பொதிகள். இவற்றுக்கு மேலே லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64 என்று எண் எதுவும் இல்லாத ஒரு மெட்டா பொதி இருக்கிறது. அதற்குள் கெர்னல் கிடையாது, இன்றைய நிலையில் எந்தக் கெர்னல் வேண்டும் என்ற சார்பு மட்டுமே உண்டு. இற்றைப்படுத்தும்போது மெட்டா பொதியின் சார்பு 26இலிருந்து 28க்கு மாறுகிறது, 28 புதிய பொதியாக உள்ளே வருகிறது, 26 அதன் இடத்திலேயே இருக்கிறது. புதியது தொடங்காவிட்டால் பழையதற்குத் திரும்பலாம் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பூட் பகிர்வு சிறியதாக இருப்பவர்களுக்கு இடநெருக்கடி வருவதும் இதே ஏற்பாட்டினால்தான்.

யாரும் கேட்காமல், சார்பு வழியாக மட்டும் உள்ளே வந்த பொதிகளைத்தான் ஆட்டோரிமூவ் நீக்கும். அவற்றிலும் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையும், நிறுவப்பட்டவற்றில் மிகப் புதியதையும், அதற்கு அடுத்ததையும் விட்டுவைக்கும். சென்ற முறை நீங்கள் அதைக் கொடுத்தபோது 26 ஓடிக்கொண்டிருந்தது, மிகப் புதியதும் அதுவே, அதற்கு அடுத்தது 25. ஆகவே அந்த இரண்டும் காக்கப்பட்டது சரி. 18உம் 21உம் ஏன் தப்பின என்பதுதான் கேள்வி. நீங்கள் எப்போதாவது அவற்றை முழுப் பெயர் சொல்லி நிறுவியிருந்தால், அவை பயனர் தாமே விரும்பிக் கேட்டவை என்று குறிக்கப்பட்டிருக்கும். அப்படிக் குறிக்கப்பட்டதை ஆட்டோரிமூவ் என்றைக்கும் தொடாது. ஆப்ட்-மார்க் கட்டளைக்கு ஷோமேனுவல் என்று கொடுத்துப் பாருங்கள், லினக்ஸ் என்று தொடங்கும் வரிகளில் விடை இருக்கும் என்று நினைக்கிறேன்.

மறுமொழி 2

மேலே சொல்லப்பட்ட மீட்பு முறை சரியானது. ஹோல்டு பற்றிய கேள்விக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன், ஏனெனில் ஒரு காலத்தில் நானும் அதையே செய்தேன்.

லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64 என்ற மெட்டா பொதியை ஹோல்டு செய்தால், புதிய கெர்னல் வரும் வழி அடைபடும். கணினி வழக்கம்போல் ஓடும், எந்தப் பிழையும் தெரியாது. வாரம் தவறாமல் இற்றைப்படுத்துவதால் எல்லாம் புதிதாகவே இருக்கிறது என்ற எண்ணமும் நமக்கு இருக்கும். நான் ஒரு வழங்கியில் இப்படிச் செய்துவிட்டு, ஹோல்டு செய்ததையே மறந்துபோனேன். 11 மாதங்கள் கழித்து வேறொரு காரணத்துக்காக யூநேம் கொடுத்துப் பார்த்தபோதுதான், அத்தனை காலமும் ஒரே கெர்னலில் அது ஓடிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அந்த 11 மாதங்களில் வந்த பாதுகாப்புத் திருத்தங்களில் ஒன்றுகூட அந்த வழங்கிக்குப் போய்ச் சேரவில்லை.

கெர்னலில் வரும் ஓட்டை எப்படிப்பட்டது என்பதற்கு 2022 மார்ச்சில் வெளியிடப்பட்ட டர்ட்டி பைப் ஓர் எடுத்துக்காட்டு. கெர்னல் 5.8இல் நுழைந்த அந்தப் பிழையால், படிப்பதற்கு மட்டும் அனுமதி பெற்ற சாதாரணப் பயனர்கூட, ரூட்டுக்குச் சொந்தமான கோப்பின் உள்ளடக்கத்தை மாற்றிவிட முடிந்தது. 5.16.11, 5.15.25, 5.10.102 ஆகிய பதிப்புகளில் அது திருத்தப்பட்டது. கெர்னலை நிறுத்திவைத்தவரின் கணினியில், மற்ற எல்லாப் பொதிகளும் புதிதாக இருந்தாலும், அந்த வாசல் திறந்தே கிடந்திருக்கும்.

அதற்காகப் புதிய கெர்னல் என்றாலே நல்லது என்றும் நான் சொல்லமாட்டேன். 2023 டிசம்பர் 9 அன்று வெளிவர வேண்டியிருந்த டெபியன் 12.3இன் நிறுவல் பிம்பங்களை நிறுத்திவைக்க நேர்ந்தது. அதிலிருந்த 6.1.64 கெர்னலில், இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையின் தரவைச் சிதைக்கக்கூடிய பிழை இருந்ததே காரணம். பொதியின் பெயரில் அது 6.1.0-14. மறுநாளே 6.1.66 கெர்னலோடு 12.4 வெளிவந்தது. அந்த ஒரு நாளில் இற்றைப்படுத்தியவர்களைக் காப்பாற்றியது, அவர்கள் கணினியில் நீக்கப்படாமல் இருந்த 6.1.0-13தான். க்ரப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கிவிட்டு, திருத்தம் வரும் வரை காத்திருந்தார்கள். இப்படிக் குறிப்பிட்ட ஒரு கெர்னலில் சிக்கல் உறுதியாகத் தெரிந்தால், சில நாள்களுக்கு ஹோல்டு செய்வதில் தவறில்லை. செய்த அன்றே அதை எடுக்கும் நாளையும் குறித்துவையுங்கள்.

நிலையாக ஓடும் கெர்னலை விட்டுக்கொடுக்காமல் புதியதைச் சோதித்துப் பார்ப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால், அதற்கு க்ரப்பிலேயே வழி இருக்கிறது. ஈடிசி அடைவில் டீஃபால்ட் உள்ளடைவிலுள்ள க்ரப் என்ற கோப்பில், க்ரப்_டீஃபால்ட் என்பதற்கு சேவ்டு என்ற மதிப்பைக் கொடுத்து, அப்டேட்-க்ரப் ஓட்டுங்கள். பிறகு க்ரப்-செட்-டீஃபால்ட் கட்டளையால் 26ஐ நிலையான தேர்வாக வையுங்கள். க்ரப்-ரீபூட் கட்டளையில் 28ஐச் சொன்னால், அடுத்த ஒரே ஒரு தொடக்கத்துக்கு மட்டும் 28 வரும். அது உறைந்துபோனால் ஆற்றல் பொத்தானை அழுத்தி அணைத்து மறுபடி போடுங்கள், தானாகவே 26 வந்துவிடும். பட்டியலில் எத்தனையாவது என்ற எண்ணைக் கொடுக்காமல், க்ரப்.சிஎஃப்ஜி கோப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் இருக்கும் அடையாளச் சரத்தைக் கொடுங்கள். புதிய கெர்னல் வந்தவுடன் எண்கள் ஒரு படி இறங்கிவிடும், அடையாளச் சரம் மாறாது. க்ரப் தன் நினைவுக் கோப்பில் எழுத முடிந்தால்தான் இந்த ஒருமுறைத் தேர்வு சரியாக அழியும். பூட் அடைவு எல்விஎம்முக்குள் (வட்டு இடத்தை மெய்நிகர்ப் பகுதிகளாகப் பிரிக்கும் அமைப்பு) இருப்பவர்களுக்கு அது இயலாது. உங்களுடையது சாதாரணத் தனிப் பகிர்வு என்பதால் தடையில்லை.

மறுமொழி 3

ஃபெடோரா நண்பரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கும் கெர்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் நிறுவப்படுகின்றன. ஆனால் அதற்கு ஓர் எண்ணிக்கை வரம்பை அங்குள்ள பொதி மேலாளரான டிஎன்எஃப் தானே வைத்திருக்கிறது. இன்ஸ்டால்ஒன்லி_லிமிட் என்ற அந்த அமைப்பின் இயல்பு மதிப்பு 3. நான்காவது கெர்னல் வரும்போது மிகப் பழையது அதே நடவடிக்கையில் நீக்கப்படும், ஓடிக்கொண்டிருப்பது மட்டும் விட்டுவைக்கப்படும். பயனர் தனியாக எதையும் கொடுக்க வேண்டியதில்லை. ஓப்பன்சூசேவிலும் இதே கருத்து வேறு வடிவில் இருக்கிறது. மிகப் புதியது, அதற்கு முந்தையது, ஓடிக்கொண்டிருப்பது என்ற மூன்றையும் எண்ணிக்கையாக இல்லாமல் சொற்களாகவே அதன் அமைப்புக் கோப்பில் எழுதிவைத்திருக்கிறார்கள், மறுதொடக்கத்துக்குப் பின் ஒரு சேவை ஓடி மற்றவற்றை அகற்றிவிடும்.

நான் பயன்படுத்தும் ஆர்ச் லினக்ஸ் இவற்றுக்கு நேர் எதிர். அங்கே கெர்னலின் பொதிப் பெயர் லினக்ஸ் என்ற ஒரே சொல்தான், எண் கிடையாது. புதியது வரும்போது பழையது அந்த இடத்திலேயே மேலெழுதப்படுகிறது. இடநெருக்கடி வராது, ஆனால் விலை வேறு இடத்தில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் மாட்யூல் அடைவும், அங்குள்ள பொதி மேலாளரான பேக்மேன் முடித்த நொடியிலேயே வட்டிலிருந்து போய்விடும். நினைவகத்தில் ஏற்கெனவே ஏறிய மாட்யூல்கள் ஓடும், புதிதாக எதையும் ஏற்ற முடியாது. இற்றைப்படுத்திய பின் மறுதொடக்கம் செய்யாமல் வேலை செய்துகொண்டிருந்தபோது ஒரு யூஎஸ்பி நினைவுக்குச்சியைச் செருகினேன். அதன் கோப்பு முறைமைக்கான மாட்யூல் அதுவரை ஏற்றப்படாததால் அது திறக்கவில்லை. குச்சிதான் பழுதாகிவிட்டது என்று எண்ணி இன்னொன்றைத் தேடப் போனேன். மறுதொடக்கம் செய்ததும் முதல் குச்சியே திறந்தது. இதனால் ஆர்ச் பயனர் பலர் லினக்ஸ்-எல்டிஎஸ் என்ற இரண்டாவது கெர்னலையும் பக்கத்தில் நிறுவி வைத்திருக்கிறார்கள், முதலாவது தொடங்காவிட்டால் அது கைகொடுக்கும்.

ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரு மடிக்கணினிக்கு எனக்குப் பிடித்தது ஃபெடோராவின் வழி. ஆனால் டெபியனின் வழியிலும் குறை ஒன்றுமில்லை, பெயர் சொல்லி நிறுவும் பழக்கம் இல்லாத வரை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் மறுமொழியில் சொன்னபடியே செய்தேன். 18ஐயும் 21ஐயும் டிபிகேஜி வழியாக அகற்றினேன். அகற்றும்போது திரையில் க்ரப் பட்டியல் உருவாக்கப்படும் வரிகள் ஓடின, அங்கே 28இன் பெயரும் வந்ததைக் கண்டேன். எச்சரித்திருக்காவிட்டால் அந்த இடத்தில் வேலை முடிந்தது என்று கணினியை அணைத்திருப்பேன். பிறகு கான்ஃபிகர் கொடுத்ததும் 28 முழுமையாக அமைந்தது. இனிட்ராம்எஃப்எஸ் 91 எம்பி.

ஷோமேனுவல் பட்டியலையும் பார்த்தேன். ஊகித்தபடியே 18உம் 21உம் அதில் இருந்தன. என் வைஃபை அட்டைக்கான இயக்கி கெர்னலோடு வருவதில்லை, டிகேஎம்எஸ் வழியாகத் தனியே தொகுக்கப்படுவது. முன்பு இரண்டு முறை அது ஓடாதபோது எங்கோ படித்த ஒரு குறிப்பைப் பின்பற்றி, கெர்னலையும் அதன் ஹெடர் பொதியையும் (இயக்கியைத் தொகுக்கத் தேவையான கெர்னல் கோப்புகள்) முழுப் பெயர் கொடுத்து நிறுவினேன். அதன் பிறகு 25க்கும் 26க்கும் ஹெடர் பொதியை மட்டும் அதேபோல் கையால் நிறுவிவந்தேன்.

இப்போது புதிய சிக்கல். 28இல் தொடங்கினால் எல்லாம் நன்றாக இருக்கிறது, வைஃபை மட்டும் இல்லை. இணையம் இல்லாததால் ஹெடரை இறக்கவும் முடியவில்லை. 26க்குத் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். இங்கே வைஃபை ஓடுகிறது. வேறு கணினியில் இறக்கி எடுத்துவந்து நிறுவ வேண்டுமா?

மறுமொழி 1 எழுதியவர்

வேண்டாம், 26இலிருந்தே முடித்துவிடலாம். நீங்கள் இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான் என்பது இப்போது தெளிவாகிறது. எண்ணோடு கூடிய பெயரைச் சொல்லி நிறுவும்போது, அந்த எண்ணை மட்டும் கேட்கிறீர்கள். அது பழையதானால் நீக்கப்படாமல் தங்கும், அடுத்தது வரும்போது தானாகத் தொடராது. கெர்னலுக்கு மெட்டா பொதி இருந்ததால் 28 தானே வந்தது. ஹெடருக்கான மெட்டா பொதி உங்கள் கணினியில் நிறுவப்படாததால் 28க்கான ஹெடர் வரவில்லை. நிறுவல் நடந்தபோது திரையை மேலே நகர்த்திப் பார்த்திருந்தால், இந்தக் கெர்னலுக்கான ஹெடர் இல்லாததால் டிகேஎம்எஸ் தொகுப்பு தவிர்க்கப்பட்டது என்று ஒரு வரி இருந்திருக்கும். அதைப் பிழையாகக் கொள்ளாமல் கடந்துவிடுவதால் நிறுவல் வெற்றியாகவே முடியும், குறை மறுதொடக்கத்துக்குப் பின்தான் தெரியவரும்.

26இல் இருந்தபடியே லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 என்ற எண்ணில்லாத மெட்டா பொதியை நிறுவுங்கள். அதன் சார்பாக 28க்கான ஹெடர் வரும். ஹெடர் பொதி அமைக்கப்படும்போதும் டிகேஎம்எஸ் சிறுநிரல் ஒன்று ஓடும். எந்தக் கெர்னலுக்கான ஹெடரோ அந்தக் கெர்னலுக்கே அது மாட்யூலைத் தொகுக்கும், நீங்கள் அப்போது எதில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது பொருட்டல்ல. முடிந்ததும் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்று கொடுத்து, 28க்கு நேரே இன்ஸ்டால்டு என்று இருக்கிறதா பாருங்கள். தொகுப்பு தோற்றிருந்தால், வார் அடைவில் லிப், டிகேஎம்எஸ் என்று உள்ளே போனால் உங்கள் இயக்கியின் பெயரில் ஓர் அடைவு இருக்கும். அதற்குள் இயக்கியின் பதிப்பு எண்ணைப் பெயராகக் கொண்ட அடைவில், பில்டு உள்ளடைவிலுள்ள மேக்.லாக் என்ற கோப்பின் கடைசி 20 வரிகளை இங்கே இடுங்கள். நம்பகமான கையொப்பம் உள்ள நிரல்களை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில், கையொப்பத்துக்கான சாவியை மோக்யூட்டில் என்ற கருவி வழியாகப் பதிவு செய்யாவிட்டால், தொகுத்த மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. 26இல் ஏற்கெனவே ஓடுகிறது என்பதால் உங்களுக்கு அந்தத் தடை இருக்காது.

அடுத்து, 25க்கும் 26க்கும் நீங்கள் கையால் நிறுவிய ஹெடர் பொதிகளை ஆப்ட்-மார்க் ஆட்டோ என்று கொடுத்து, சார்பு வழியாக வந்தவையாகக் குறித்துவிடுங்கள். இனி அவை ஆட்டோரிமூவ் கணக்கில் சேரும். லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64 என்ற மெட்டா பொதி மட்டும் கையால் கேட்டதாகவே இருக்கட்டும். இடம் வேண்டும் என்று அதையே நீக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது போய்விட்டால் ஹோல்டு செய்ததற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

கேள்வி கேட்டவர்

ஹெடர் மெட்டா பொதியை 26இலிருந்து நிறுவினேன். 28க்கான மாட்யூல் தொகுக்கப்பட்டது. மறுதொடக்கம் செய்து 28இலிருந்து, வைஃபை வழியாகவே இதை எழுதுகிறேன். ஹோல்டு எண்ணத்தைக் கைவிட்டேன். பழைய ஹெடர்களையும் சொன்னபடி குறித்துவிட்டேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. இப்போது 25, 26, 28 என்று மூன்று இருக்கின்றன. அடுத்த கெர்னல் வரும்போது இடம் போதுமா? பூட் பகிர்வைப் பெரிதாக்குவது மறையாக்கப்பட்ட வட்டில் எளிதல்ல என்று படித்தேன்.

மறுமொழி 2 எழுதியவர்

போதும், ஆனால் ஒரு பழக்கம் வேண்டும். நான்கு கெர்னல்கள் ஏறத்தாழ 392 எம்பி. கோப்பு முறைமைக்கும் க்ரப்பின் கோப்புகளுக்கும் போக, நான்கு உங்கள் பகிர்வில் நெருக்கிக்கொண்டு அடங்கும், ஐந்து அடங்காது. அதோடு, ஏற்கெனவே உள்ள இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் புதுப்பிக்கும்போது, புதியதை நியூ என்ற பின்னொட்டோடு பக்கத்தில் முழுமையாக எழுதி முடித்த பிறகே பழைய பெயருக்கு மாற்றுகிறது. நடுவில் மின்சாரம் போனாலும் பழைய கோப்பு கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்கான நல்ல ஏற்பாடு அது. ஆனால் இன்னொரு 90 எம்பி காலியாக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். நான்கு கெர்னல்கள் இருக்கும் நிலையில் அந்த இடம் உங்களுக்கு இருக்காது. எனவே மாதந்தோறும் ஆட்டோரிமூவ் கொடுக்கும் வழக்கத்தை, இற்றைப்படுத்துவதற்கு முன் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இப்போதே ஒருமுறை கொடுங்கள். 28 ஓடுகிறது, அதுவே புதியது, அடுத்தது 26. ஆகவே 25 நீங்கிவிடும், எப்போதும் இரண்டிலிருந்து மூன்றுக்குத்தான் போவீர்கள்.

அதற்கும் மேல் இடம் வேண்டுமானால், ஈடிசி அடைவில் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் என்ற உள்ளடைவிலுள்ள அமைப்புக் கோப்பில் மாட்யூல்ஸ் என்பதன் மதிப்பு மோஸ்ட் என்று இருக்கும். அதை டெப் என்று மாற்றினால், எல்லா வகைக் கணினிக்கும் வேண்டிய இயக்கிகளுக்குப் பதிலாக, இந்தக் கணினிக்கு வேண்டியவற்றை மட்டும் சேர்க்கும். கோப்பு வெகுவாகச் சுருங்கும். ஆனால் இந்த வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால் அங்கே அது தொடங்காமல் போகலாம். மடிக்கணினி பழுதாகி வட்டை மட்டும் மீட்க நேரும் நாளில் அது பெரிய இடையூறு. நீங்கள் கேட்டதால் சொன்னேன், உங்கள் நிலையில் நான் அதை மாற்றமாட்டேன்.

கேள்வி கேட்டவர்

ஆட்டோரிமூவ் கொடுத்தேன், 25உம் அதன் ஹெடரும் நீங்கின. பூட் பகிர்வில் இப்போது பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது. மாட்யூல்ஸ் மதிப்பை மோஸ்ட் என்றே விட்டுவிட்டேன்.